தோற்றுக்கொண்டே இருந்த வாத்தியார்

1952-ல் ஜப்பானின் ஷிகோகு தீவில், இகேடா என்ற மலையூரின் அரசு உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணிக்கு ட்சுத்தா ஃபுமியா பயிற்சியாளர் ஆனார். அவருக்கு அப்போது 28 வயது. பகலில் சமூக அறிவியல் பாடம் நடத்துவார், சாயங்காலம் மைதானத்துக்கு வந்துவிடுவார். அந்தக் கோடையில் அவருடைய அணி மாநிலத்தைத் தாண்டவில்லை. அடுத்த கோடையிலும் தாண்டவில்லை. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது, புல்லட் ரயில் ஓட ஆரம்பித்தது, தேசமே வேறு ஊர் மாதிரி ஆகிவிட்டது. இகேடா அணி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தேசியப் போட்டி என்பதை அவருடைய பையன்கள் முதன்முதலில் எட்டிப் பிடித்தது 1971-ல். அவர் பொறுப்பேற்ற பிறகு வந்த இருபதாவது கோடை அது. வாத்தியாருக்கு வயது 47 ஆகியிருந்தது.

நம் ஊரில் ஒரு பி.டி. மாஸ்டர் இரண்டு வருடம் கோப்பை கொண்டுவராவிட்டால், பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இகேடாவில் அவரை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்களா? சொல்லியிருப்பார்கள். ஆனாலும் மாற்றவில்லை. பின்னாளில் ஜப்பானியப் பள்ளி பேஸ்பாலையே புரட்டிப்போட்ட மனிதர் என்று ட்சுத்தாவைப் புகழ்கிறவர்கள், அந்த ஊர் காட்டிய பொறுமையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முதலில் படுகிறது.

ஜப்பானில் பள்ளி பேஸ்பால் என்றால் கோஷியென். ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவே நிஷினோமியா நகரில், 1924-ல் திறக்கப்பட்ட ஸ்டேடியம். அங்கே வசந்த காலத்தில் ஒன்று, ஆகஸ்ட் வெயிலில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தேசியப் போட்டிகள். கோடைப் போட்டி அந்த ஸ்டேடியத்தைவிட மூத்தது, 1915-ல் தொடங்கியது. ஒரே ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதினாறு பதினேழு வயதுப் பையன்கள், தோற்றதும் மைதானத்தில் மண்டியிட்டு அதன் கறுப்பு மண்ணைக் கைப்பையில் அள்ளிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நேரலையில் காட்டும். கடைத்தெருவில், அலுவலகத்தில், சலூனில் என்று எங்கும் அதுதான் ஓடும். 1982 கோடையில் மாநில அளவிலிருந்து இந்தப் போட்டிக்கு மோதிய பள்ளிகள் 3,400-க்கும் மேல். கோஷியென் வாசலைத் தாண்டியவை 49.

அந்த 49-ல் ஓர் இடம் பிடிப்பது இகேடாவுக்கு லேசில் கிடைக்கிற விஷயம் அல்ல. ஷிகோகு தீவின் கிழக்கே டோகுஷிமா மாநிலம். அதன் மேற்குக் கோடியில், யோஷினோ ஆறு மலைகளுக்கு நடுவே கிழக்குப் பக்கம் திரும்புகிற இடத்தில் இகேடா. ஒரு காலத்தில் புகையிலை வியாபாரிகள் செழித்த ஊர்; அவர்கள் கட்டிய வீடுகள் இன்றும் தெருவில் நிற்கின்றன. கடற்கரைப் பக்கத்துப் பெரிய பள்ளிகள் திறமையான பையன்களைக் கொத்திக்கொண்டு போய்விடும். மலையில் மிஞ்சியவர்கள்தான் ட்சுத்தாவின் அணி. டோகுஷிமாவை வென்றாலும் போதாது. அந்தக் காலத்தில் டோகுஷிமாவுக்கும் பக்கத்து மாநிலமான கோச்சிக்கும் சேர்த்துக் கோடைப் போட்டியில் ஒரே இடம்தான். கோச்சியோ பேஸ்பாலில் ஊறிய மண். இந்த ஏற்பாடு 1977 வரை நீடித்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மூன்று வருடம். ஏப்ரலில் சேருகிற பையன் மூன்றாம் வருட ஆகஸ்டோடு அணியை விட்டுப் போய்விடுவான். ஒரு பையனைப் பயிற்சியாளர் கையில் வைத்திருப்பது இரண்டே கால் வருடத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் அவனை ஆளாக்கி, பழக்கி, ஆடவைத்து, வழியனுப்பிவிட்டு மறுபடி அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதை இருபது வருடம் தோல்வியோடு செய்ய ஒரு தனி மனசு வேண்டும்.

அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ட்சுத்தாவுக்குத் தோல்வி புதிது அல்ல. 1923-ல் பிறந்தவர். டோகுஷிமா வணிகப் பள்ளியில் படித்தபோது கோஷியெனில் ஆடியிருக்கிறார். கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது போர் கூப்பிட்டது. மாணவர்களைப் பாதிப் படிப்பில் படைக்கு அள்ளிய காலம். கடற்படையில் விமானப் பயிற்சி; பிறகு, எதிரிக் கப்பல்மேல் விமானத்தோடு மோதிச் சாகிற தற்கொலைப் படைப் பிரிவு. அவருடைய முறை வருமுன் போர் முடிந்தது. கூடப் படித்தவர்கள் பலர் திரும்பவில்லை. போருக்குப் பிறகு நிறுவன அணிகளில் ஆடினார். 1950-ல் டோக்யு ஃப்ளையர்ஸ் என்ற தொழில்முறை அணியில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராகச் சேர்ந்தார். ஒரே ஒரு பருவம். ஒரு வெற்றிகூட அவர் பெயரில் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பி வாத்தியார் வேலையில் உட்கார்ந்தார். சாவு வரை போய்த் திரும்பியவனுக்கு மாநிலப் போட்டியில் தோற்பது என்ன பெரிய விஷயம் என்று நாம் எளிதாக எழுதிவிடலாம். ஆனால் அவரை அறிந்தவர்கள் சொல்வது வேறு: மனிதர் தோற்றால் கொதிப்பார், குடிப்பார், மறுநாள் மைதானத்தில் பையன்களை வாட்டி எடுப்பார். குடிப் பழக்கத்தை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

வாட்டி எடுத்ததன் விளைவு 1974-ல் நாடு முழுக்கத் தெரிந்தது. அந்த வசந்தகாலப் போட்டிக்கு இகேடா வந்தபோது அணியில் இருந்தவர்கள் மொத்தமே பதினொரு பேர். களத்தில் ஒன்பது பேர் வேண்டும். மிச்சம் இரண்டு பேர் உட்கார. அந்தப் பதினொரு பேர் இறுதியாட்டம் வரை போனார்கள். ஹோதோகு காகுஎன் பள்ளியிடம் 3–1 என்று தோற்றார்கள். பத்திரிகைகள் உருகிவிட்டன. மலைக்காற்று மாதிரி புத்துணர்ச்சி தரும் பதினொருவர் என்ற பொருளில் ஒரு பட்டப் பெயரே வைத்துவிட்டார்கள். ஏன் பதினொரு பேர் மட்டும்? பயிற்சியின் கொடுமை தாங்காமல் மற்றவர்கள் ஓடிப்போனதுதான் காரணம். கதையின் அந்தப் பாதியைத் தலைப்புச் செய்தியில் யாரும் போடவில்லை. இன்றைக்கு ஒரு பள்ளியில் அப்படி நடந்தால் செய்தி வேறு பக்கத்தில் வந்திருக்கும்.

அதே 1974-ல், அதே ஆண்டின் கோடைப் போட்டியிலிருந்து, ஜப்பானியப் பள்ளி பேஸ்பாலில் உலோக மட்டைக்கு அனுமதி கிடைத்தது. மர மட்டை அடிக்கடி முறியும். பள்ளிகளுக்குச் செலவு கட்டவில்லை. அலுமினிய மட்டை முறியாது. சிக்கனத்துக்காக வந்த அந்த மாற்றத்தில் ஒளிந்திருந்த வேறொரு விஷயத்தைக் கண்டுகொள்ளப் பெரும்பாலான பயிற்சியாளர்களுக்கு வருடங்கள் ஆயின.

இங்கே ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட் ஆனால் முறை மாறும், ஒன்பது இன்னிங்ஸ். பந்தை அடித்தவர் முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன்; ஒரே அடியில் அப்படிச் சுற்றி வந்துவிட்டால் ஹோம்ரன். முதல் பேஸில் ஆள் நிற்கிறான் என்றால், அடுத்தவன் மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லத் தட்டிக் காலடியில் போடுவான். இதுதான் பன்ட். தட்டியவன் அவுட்; ஆனால் நின்றவன் ஒரு பேஸ் முன்னேறிவிடுவான். தன்னைக் கொடுத்து அணியை நகர்த்துவது. ஜப்பானியப் பள்ளிகள் இதை ஓர் ஒழுக்கப் பாடமாகவே வைத்திருந்தன. பையன் எவ்வளவு பணிவானவன் என்பதைப் பன்ட்டில் பார்ப்பார்கள். ஒரு ரன் எடு, அதைக் காப்பாற்று, 1–0 என்று ஜெயி. 1974-ன் பதினொருவரும் ஓடியும் தட்டியும்தான் இறுதியாட்டம் வரை வந்தார்கள்.

1979 கோடையில் இகேடா மறுபடி இறுதியாட்டத்தில் நின்றது. எதிரே மினோஷிமா; பன்ட் ஆட்டத்தில் அப்போது ஜப்பானிலேயே பேர் வாங்கிய பள்ளி. 4–3 என்று தோற்றார்கள். ட்சுத்தாவுக்கு வயது 55. இரண்டு இறுதியாட்டம், இரண்டும் தோல்வி. ஓய்வு பெறும் வயதை நெருங்குகிற ஒரு வாத்தியார் தன் பாணியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். இவர் அடுத்த மூன்று வருடத்தில் பாணியையே தூக்கிப் போட்டார்.

அவர் செய்தது சொல்வதற்கு எளிது. உலோக மட்டைக்கு நுட்பத்தைவிட உடம்பு முக்கியம். நடுப்பகுதியில் சரியாகப் படாவிட்டால்கூட, பலமாகச் சுற்றினால் பந்து பறக்கும். அப்படியானால் பையன்களுக்கு உடம்பை ஏற்ற வேண்டும். எடை தூக்கினால் தசை இறுகிவிடும், கை வேகம் போய்விடும் என்று பேஸ்பால்காரர்கள் நம்பிய காலம் அது. ட்சுத்தா அதே பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, எடைப் பயிற்சியை அன்றாடக் கடமை ஆக்கினார். பன்ட் பழகிய நேரத்தில் மட்டை சுற்றச் சொன்னார். பள்ளத்தாக்கில் அலுமினியச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பும். அந்த எதிரொலியை வைத்தே பத்திரிகைகள் இகேடாவின் மட்டை வரிசைக்குப் பெயர் சூட்டின.

1982 ஆகஸ்ட். காலிறுதியில் எதிரே டோக்கியோவின் வசேதா ஜிட்சுக்யோ. அதன் பிட்சர் அராகி டைசுகே அன்றைக்கு ஜப்பானிய வீடுகளின் செல்லப்பிள்ளை. முதல் வருட மாணவனாக 1980-ல் இறுதியாட்டம் வரை போனவர்; அவர் முகத்தைப் பார்க்கவே பள்ளிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளுக்கு டைசுகே என்று பெயர் வைப்பது மோஸ்தர் ஆனது. பின்னாளில் அமெரிக்கா வரை போய் வீசிய மாட்சுசாகா டைசுகே அப்படிப் பெயர் வாங்கியவர்தான். அந்த அராகிக்கு இது கடைசி கோஷியென். முதல் இன்னிங்ஸிலேயே எகாமி என்ற பையன் அவரைத் தூக்கி இரண்டு ரன் ஹோம்ரன் அடித்தான். பிறகு இரண்டாம் வருட மாணவன் மிசுனோ, அராகியிடம் ஒன்று, அவருக்குப் பதில் வந்த பிட்சரிடம் மூன்று பேஸும் நிரம்பியிருக்கையில் ஒன்று என்று இரண்டு ஹோம்ரன். முடிவு 14–2. நாட்டுக்கு ஒரு செல்லப்பிள்ளை போய், மலையிலிருந்து ஒரு முரட்டுக் கூட்டம் வந்தது.

ஆகஸ்ட் 20, இறுதியாட்டம். இகேடாவை எதிர்த்து நின்றது ஹிரோஷிமா வணிகப் பள்ளி. தட்டுவது, ஓடுவது, காப்பது என்று பழைய பாடத்தைப் பிசகாமல் ஆடுகிற, பலமுறை கோப்பை தூக்கிய அணி. இரண்டு பள்ளிக்கு நடுவே நடந்தது என்பதைவிட, இரண்டு காலத்துக்கு நடுவே நடந்தது என்று அந்த ஆட்டத்தைச் சொல்வார்கள். இந்த ஒரு முறை அந்த வகைப் பேச்சை நானும் ஒப்புக்கொள்கிறேன். முதல் இன்னிங்ஸிலேயே இகேடா ஆறு ரன். ஒரு ரன்னுக்கு ஒரு ரன் என்று கணக்குப் பார்த்து ஆடப் பழகிய அணிக்கு ஆறு ரன் பின்தங்கினால் என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை. பன்ட் போட்டு ஆறு ரன்னை எட்ட முடியாது. ஹடாகெயாமா பந்து வீச, மற்றவர்கள் வெளுத்து வாங்க, 12–2. முதல் கோப்பை. பொறுப்பேற்று முப்பது வருடம் ஆகியிருந்தது. வாத்தியாருக்கு 59 நிறைய எட்டு நாள் பாக்கி.

நாடு முழுக்க அவர் முகம் தெரிந்துபோனது அப்போதுதான். தொந்தியும் குண்டு உடம்புமாக, தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ‘தாக்கும் தாருமா’ என்று அவரைக் கூப்பிட்டார்கள். தாருமா என்பது ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருக்கும் சிவப்புப் பொம்மை. நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து உட்காரும். அந்தப் பொம்மை போதிதர்மரின் உருவம் என்பதும், காஞ்சிபுரத்திலிருந்து சீனா போனவர் என்று அவரைப் பற்றி மரபு சொல்வதும் நமக்குத் தெரிந்த கதைதான். ட்சுத்தாவுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

1983 வசந்தப் போட்டியிலும் இகேடாவே. முதல் ஆட்டத்தில் டோக்கியோவின் தேய்க்யோ பள்ளியை 11–0 என்று சுருட்டினார்கள். இறுதியில் யோகோஹாமா வணிகப் பள்ளியை 3–0. அந்த 11–0-க்குப் பின்கதை உண்டு. தேய்க்யோவின் இளம் பயிற்சியாளர் மாயெதா மிட்சுவோ அந்த அடியில் நிலைகுலைந்து போனார். தன் பையன்களுக்கும் இகேடா பையன்களுக்கும் உடம்பிலேயே வித்தியாசம் என்று அவருக்குப் பட்டது. எடைப் பயிற்சியையும் வயிறு நிறையச் சாப்பாட்டையும் தன் அணிக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு அவரே மூன்று முறை கோஷியென் கோப்பை வாங்கினார். ட்சுத்தாவின் மாணவர்கள் பட்டியலில் அவரிடம் தோற்றவர்களையும் சேர்க்க வேண்டும்.

அதே ஆண்டின் கோடையில் இகேடா ஜெயித்திருந்தால் கோடை, வசந்தம், மறுபடி கோடை என்று தொடர்ந்து மூன்று கோப்பை. அதுவரை எந்தப் பள்ளியும் செய்யாதது. மிசுனோ இப்போது மூன்றாம் வருடம். பிட்சரும் அவர்தான், முக்கிய பேட்டரும் அவர்தான். மூன்றாம் சுற்றில் ஹிரோஷிமா வணிகப் பள்ளியோடு ஆடும்போது எதிர்ப் பிட்சரின் பந்து அவர் தலையில் பட்டது. தொடர்ந்து ஆடினார். அடுத்த ஆட்டமும் வீசினார். அரையிறுதியில் ஒசாகாவின் பி.எல். காகுஎன். அந்த அணியில் பிட்சராக வந்த குவாட்டாவுக்கு வயது 15. நான்காவதாக ஆடவந்த கியோஹாராவும் முதல் வருடம்தான். குவாட்டா மிசுனோவின் பந்தில் ஹோம்ரன் அடித்தார், இகேடாவை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. 7–0. நாடெங்கும் ஆள் தேடிச் சேர்க்கிற தனியார் பள்ளியின் காலம் அங்கே தொடங்கியது, பி.எல். பல வருடம் ஆண்டது. அந்த பி.எல். அணியே 2016-ல் நின்றுபோனது.

தலையில் பந்து பட்ட பையன் மறுபடி வீசியதை அன்று வீரம் என்று எழுதினார்கள். ட்சுத்தா மட்டும் அல்ல, அந்தக் காலப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஒரே பிட்சரின் தோளில் தேசியப் போட்டி முழுவதையும் ஏற்றினார்கள். 1998-ல்கூட மாட்சுசாகா ஒரே ஆட்டத்தில், 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசினார்; நாடு கைதட்டியது. ஒரு வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் ஒரு பிட்சர் வீசக் கூடாது என்ற விதி 2020-ல்தான் வந்தது. உடம்பை ஏற்ற வேண்டும் என்று முதலில் கண்டுகொண்டவருக்கு, உடம்பைக் காக்க வேண்டும் என்பது அதே வேகத்தில் படவில்லை. அவரை எவ்வளவு மெச்சினாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

1986 வசந்தத்தில் மூன்றாவது கோப்பை. 62 வயது. 1992-ல், நாற்பது வருடம் முடித்துப் பொறுப்பை விட்டார். கோஷியெனில் அவர் அணியின் கணக்கு: 14 போட்டி, 37 வெற்றி, 11 தோல்வி. 2001 ஏப்ரலில் காலமானார். பேரன் ட்சுத்தா தெத்சுஇச்சிரோ சினிமா இயக்குநர். இகேடாவுக்குப் பக்கத்து இயா பள்ளத்தாக்கை வைத்து 2013-ல் ஒரு படம் எடுத்தவர், பிறகு தாத்தாவைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார்.

மலையூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது பெருங்கடலைக் காட்ட வேண்டும் என்றுதான் தான் இத்தனையும் செய்ததாக ட்சுத்தா சொல்வார். அந்தப் பேச்சை இகேடா பள்ளியில் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அழகான வாசகம் என்று கடந்துவிடத் தோன்றும். ஆனால் ஷிகோகுவையும் பெருந்தீவையும் இணைக்கும் சேதோ பாலம் திறந்தது 1988-ல். 1971-லும் 1982-லும் இகேடா பையன்கள் கோஷியென் போக வேண்டுமென்றால் ரயிலில் மலையிறங்கி, துறைமுகம் வந்து, உண்மையிலேயே கப்பல் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். அந்தப் பயணம் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற வருடங்களில் மட்டும் கிடைத்தது.

பாலம் வந்த பிறகு மலையிலிருந்து பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் சுலபமாக வெளியேறிவிட்டார்கள். 2006-ல் இகேடா அக்கம்பக்க ஊர்களோடு சேர்ந்து மியோஷி நகரம் ஆனது. 2017-ல் ஆள் குறைந்த இரண்டு பள்ளிகளை இகேடா பள்ளியோடு இணைத்தார்கள். 2014 வசந்தத்தில் ஒரு முறை இகேடா மீண்டும் கோஷியென் வந்தது. அணியை நடத்தியவர் ட்சுத்தாவின் மாணவர்களில் ஒருவர். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு அன்று வேலை ஓடியிருக்காது.

2024-ல் பள்ளி பேஸ்பாலில் உலோக மட்டையை மாற்றினார்கள். பந்து சீறிப் பாய்ந்து பிட்சர்கள் காயப்படுகிறார்கள் என்று, சுவர் தடித்து விசை குறைந்த மட்டையைக் கட்டாயம் ஆக்கினார்கள். அந்த ஆண்டுக் கோடைப் போட்டி முழுவதிலும் ஏழே ஹோம்ரன். பயிற்சியாளர்கள் மறுபடி பன்ட் பழக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ட்சுத்தா இருந்திருந்தால் இந்த மட்டையை வைத்துக்கொண்டும் ஓங்கி அடிக்கச் சொல்லியிருப்பார் என்று அவர் ரசிகர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மட்டையைப் பார்த்து ஆட்டத்தை மாற்றியவர். புது மட்டையை நாலு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, வைதுகொண்டே வேறொன்றைத் தொடங்கியிருப்பார்.